ஆற்காடு நவாப் வாலாஜா: கடனில் ஆண்ட ராஜா

"அரபு ராஜா" என்றதும் நம் எல்லோருக்கும் துபாய், சவுதி, பெட்ரோல், ஒட்டகம் இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரபு வம்சம் என்று சொல்லிக்கொண்ட ஒரு குடும்பம் நம்ம திருத்தணி, சோளிங்கர், ஆற்காடு, வேலூர் பக்கத்தையெல்லாம் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆண்டிருக்கிறது. அந்தக் குடும்பத்தில் பெரிய பெயர் முகமது அலி வாலாஜா. சென்னையில் வாலாஜா ரோடு, ராணிப்பேட்டை பக்கத்தில் வாலாஜாபேட்டை, திருவல்லிக்கேணியில் வாலாஜா மசூதி, எல்லாம் அவர் பெயர்தான். பஸ்ஸில் போகும்போது போர்டில் தினமும் படிக்கிற பெயர், ஆனால் ஆள் யார் என்று பலருக்குத் தெரியாது.

பள்ளிப் புத்தகத்தில் இவர் கர்நாடகப் போர்களில் ஒரு வரியில் வந்து போய்விடுவார். கிளைவ்தான் ஹீரோ. காமர்ஸ் படிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய கதை அந்தப் போர்களுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. அது ஒரு கடன் கதை. லண்டன் பாராளுமன்றத்தில் விவாதம் நடக்கும் அளவுக்குப் போன கடன்.

நவாப் என்பது ஒரு வேலை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். நவாப் என்றால் ராஜா இல்லை. அது ஒரு பதவி. டெல்லியில் முகலாய பாதுஷா, அவருக்குக் கீழே ஐதராபாத்தில் நிஜாம், நிஜாமுக்குக் கீழே ஆற்காட்டில் நவாப். வரி வசூல் செய்து, படை வைத்து, மேலே பங்கு அனுப்ப வேண்டும். இன்றைக்கு கலெக்டர், எஸ்.பி. இரண்டு வேலையும் ஒருவரே பார்ப்பது போல. டெல்லி பலவீனமானதும் இந்தப் பதவி அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் சொத்தாக மாறிவிட்டது.

இந்தப் பதவிக்காக நடந்த கொலைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. 1740-ல் நவாப் தோஸ்த் அலி, நம்ம சித்தூர் பக்கத்து தாமலச்செருவு கணவாயில் மராட்டியர்களோடு மோதி இறந்தார். அவர் மகன் சப்தர் அலி 1742-ல் வேலூரில் கொல்லப்பட்டார். சப்தர் அலியின் சின்னப் பையனும் ஆற்காட்டில் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகு நிஜாம் அனுப்பிய அதிகாரி அன்வருதீன் கான் நவாப் ஆனார். இவர் வட இந்தியாவில் அவத் பகுதியில் உள்ள கோபாமாவ் என்ற ஊர்க்காரர். இரண்டாம் கலீபா உமரின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது இந்தக் குடும்பத்தார் சொல்லும் வம்சாவளி. அன்வருதீனின் மகன்தான் நம் முகமது அலி.

பதவிக்கு வந்த விதம்

1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர் சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு சந்தா சாகிப் வந்தார். அன்வருதீன் களத்திலேயே இறந்தார். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குத் தப்பி ஓடினார். கையில் நாடு இல்லை, பணம் இல்லை, சுற்றிலும் எதிரிப் படை. அவருக்கு இருந்த ஒரே வழி சென்னையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனி.

1751-ல் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு வந்து ஆற்காட்டைப் பிடித்தார். ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். 1752-ல் சந்தா சாகிப் சரணடைந்து, தஞ்சாவூர்ப் படையினரால் தலை வெட்டப்பட்டார். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை. நம்ம ஆற்காட்டுக்கு யார் நவாப் என்பதை பாரிஸில் உட்கார்ந்து இங்கிலாந்தும் பிரான்சும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்! முகமது அலிதான் சட்டப்படியான நவாப் என்று அதில் இருக்கிறது. 1765-ல் பாதுஷா ஷா ஆலம் "வாலாஜா" பட்டம் கொடுத்து, நிஜாமுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றும் பர்மான் கொடுத்தார்.

பேப்பரில் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் பில் பின்னாலேயே வந்தது.

கடன் ஏறிய கணக்கு

போர் முழுக்க நவாபுக்காக நடந்தது, ஆகவே செலவு நவாபுடையது என்றது கம்பெனி. செங்கல்பட்டு ஜாகீரை 1763-ல் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். அப்போதும் பாக்கி தீரவில்லை. கம்பெனி படையை ஊரில் வைத்திருக்கும் செலவு வருஷா வருஷம் வேறு. தவணை நாள் வரும், கையில் ரொக்கம் இருக்காது. என்ன செய்வது?

இங்கேதான் கதையில் திருப்பம். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தை நவாப் யாரிடம் கடன் வாங்கினார் தெரியுமா? அதே கம்பெனியின் ஊழியர்களிடம்! கம்பெனி என்ற ஸ்தாபனத்துக்குக் கடனை அடைக்க, அதில் சம்பளம் வாங்குகிற ஆட்களிடம் தனிப்பட்ட முறையில் கடன். ஆரம்பத்தில் வட்டி 20, 25, 30 சதவீதம் என்று போனது. பிறகு மேலிடம் தலையிட்டு 10 சதவீதமாகக் குறைத்தது.

நாம் படிக்கிற கூட்டு வட்டி சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 20 சதவீதம் என்றால் ஒரு லட்சம் நாலு வருஷத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். பத்து வருஷத்தில் ஆறு லட்சத்தைத் தாண்டும். எந்த நாட்டு நில வரியும் அந்த வேகத்தில் வளராது.

அடமானம் என்ன? நகை இல்லை, பத்திரம் இல்லை. ஊர்கள்! இன்ன சீமையின் வரி வருமானம் இன்னாருக்கு என்று நவாப் எழுதிக் கொடுப்பார். அதற்கு "தன்கா" என்று பெயர். கடன் கொடுத்தவரின் ஆள், அவரது துபாஷி, குத்தகைதாரர் என்று வரிசையாக அந்தச் சீமைக்கு வருவார்கள். விளைச்சல் களத்துக்கு வரும் முன்பே கணக்கு முடிந்திருக்கும். ஏரியைச் சீர் செய்ய, வாய்க்கால் வெட்ட யாருக்கும் அக்கறை இல்லை, ஏனென்றால் குத்தகை எடுத்தவனுக்கு இந்த வருஷப் பணம் வந்தால் போதும்.

1777-ல் நடந்த குதிரைப்படைக் கடனைப் பாருங்கள். நவாப் தன் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும் என்று கம்பெனி வற்புறுத்தியது. கலைப்பதற்கு முன் வீரர்களுக்குச் சம்பள பாக்கி கொடுக்க வேண்டும். கம்பெனி ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து நாலு லட்சம் பகோடா தருகிறோம் என்று முன்வந்தார்கள். அதற்கு ஈடாகச் சீமை வருமானத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ரொக்கம் சொன்னபடி வந்து சேரவில்லை. வீரர்கள் சம்பளம் இல்லாமல் கலகம் செய்தார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கொடுக்காத பணத்துக்கு வட்டி, வசூலித்த வரியிலிருந்தே அசல். இது எந்த அக்கவுண்டன்சி?

பென்ஃபீல்டும் ஒரு கவர்னரின் கைதும்

கடன் கொடுத்தவர்களில் பெரிய கை பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் சின்ன உத்தியோகம், ஆனால் சென்னையில் அவரைவிடப் பெரிய பணக்காரர் இல்லை. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் இவர்தான் என்று சொல்வார்கள். 1768-ல் முடிந்த அந்த அரண்மனை, கோட்டையின் பக்கத்திலேயே இருந்தால் பாதுகாப்பு என்று நவாப் எடுத்த முடிவு. ஆற்காட்டு நவாப் சென்னைவாசி ஆனார்.

1773-ல் கம்பெனி படையை வைத்து நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார், ராஜா துளஜாஜி சிறைப்பட்டார். இதற்குப் பணம்? பழையபடி கடன்தான். 1776-ல் லண்டன் உத்தரவுப்படி தஞ்சாவூரை ராஜாவுக்கே திருப்பிக் கொடுக்க கவர்னர் பிகட் வந்தார். உடனே பென்ஃபீல்டு, தஞ்சாவூர் வருமானத்திலும் அங்குள்ள ஆட்களிடமும் எனக்கு 2,34,000 பவுண்டு வரவேண்டும் என்று கிளெய்ம் போட்டார். சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு வாங்கும் ஆள்! பிகட் மறுத்தார். கவுன்சிலில் பெரும்பான்மை பேர் எதிர்த்தார்கள். கடைசியில் என்ன நடந்தது? 1776 ஆகஸ்டில் கவர்னரையே கைது செய்தார்கள். அடுத்த வருஷம் மே மாதம் காவலிலேயே அவர் இறந்துபோனார். கடன்காரர்கள் கவர்னரையே கவிழ்த்துவிட்டார்கள்.

நம்ம பக்கத்தில் நடந்தது

1780-ல் ஹைதர் அலி கணவாய் இறங்கி வந்தார். அந்த வருஷ முடிவுக்குள் ஆற்காடு அவர் கையில். 1781 செப்டம்பர் 27 அன்று நம்ம சோளிங்கரில் பெரிய சண்டை, அதில் ஜெனரல் அயர் கூட் ஜெயித்தார். 1782 டிசம்பரில் ஹைதர் இறந்ததும் சித்தூர் பக்கத்து முகாமில்தான். இந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, பஞ்சம் வந்தது. சனங்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்குப் போய் அங்கே பட்டினியில் செத்தார்கள்.

1781 டிசம்பரில் நவாப் தன் வரி வசூல் உரிமையை ஐந்து வருஷத்துக்குக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். திருத்தணி வட்டாரம் அப்போது கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தது. கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, வெங்கடகிரி பாளையக்காரர்கள் நவாபுக்குக் கட்டி வந்த பேஷ்குஷ், 1792 உடன்படிக்கையில் கம்பெனி நேரடியாக வசூலிப்பதாக மாறியது. யாருக்குக் கட்டுவது என்பதுதான் மாறியது. கட்டியது அதே குடியானவன்.

லண்டனில் தீர்ப்பு

நவாபின் கடன்களை விசாரித்து, நிஜக் கடன் எது பொய்க் கடன் எது என்று பிரிக்க வேண்டும் என்பது கம்பெனி டைரக்டர்கள் எண்ணம். ஆனால் பிட் அரசாங்கத்தில் இருந்த ஹென்றி டண்டாஸ், விசாரணையே வேண்டாம், வருஷத்துக்கு 12 லட்சம் பகோடா (4,80,000 பவுண்டு) ஒதுக்கி எல்லாவற்றையும் அடையுங்கள் என்று உத்தரவு போட்டார். இதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார். கடன் என்ற பெயரில் ஒரு நாட்டையே கொள்ளையடித்தார்கள், அந்தப் பணத்தில் பாராளுமன்றத்திலேயே ஆள் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். பென்ஃபீல்டே 1780-ல் எம்.பி. ஆகியிருந்தாரே! ஓட்டெடுப்பில் பர்க் தோற்றார்.

பர்க் சொன்னது சரி என்பது பிறகு கணக்காகவே தெரிந்தது. 1805-ல் நவாபின் கடன்களை விசாரிக்கக் கமிஷன் உட்கார்ந்தது. கோடிக்கணக்கான பவுண்டுக்குக் கடன் பத்திரங்கள் வந்து குவிந்தன. சரிபார்த்தபோது பத்தில் ஒரு பங்குகூட உண்மையாகத் தேறவில்லை. ஆனால் 1785 உத்தரவில் சேர்ந்த கடன்கள் விசாரணை இல்லாமலே பணமாகிப் போயிருந்தன.

நவாப் ஏமாளியா?

அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1749-ல் கோட்டைக்குள் ஒளிந்த ஆள், 46 வருஷம் நவாபாக இருந்து 1795 அக்டோபரில் படுக்கையில் இறந்தார். அந்தக் காலத்து நவாப்களில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது? லண்டனுக்கு ஏஜெண்டுகள் அனுப்பினார், இங்கிலாந்து ராஜாவுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். சென்னை அதிகாரிகளில் பாதிப் பேர் தனக்குக் கடன் கொடுத்தவர்களாக இருக்கும்வரை தன் நாட்டை யாரும் சுலபமாகப் பிடுங்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடன்காரன் நம்மைச் சாக விடமாட்டான், வட்டி நின்றுவிடுமே :-)

அவர் செய்த நல்லதும் உண்டு. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்து இடம் நவாப் குடும்பம் கொடுத்தது என்று சென்னையில் சொல்வார்கள். வாலாஜா மசூதியில் இருக்கும் பாரசீகக் கல்வெட்டை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து. அதே சமயம் யூசுப் கான் என்ற மருதநாயகத்தை 1764-ல் மதுரையில் தூக்கில் போட்டதும், பாளையக்காரர்கள் மேல் கம்பெனி படையை ஏவியதும் இதே நவாபின் ஆட்சியில்தான். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அவர் போட்ட கணக்கு அவர் ஆயுளோடு முடிந்துவிட்டது. 1801-ல் மகன் உம்தத்துல் உமரா இறந்ததும், திப்புவோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு பென்ஷன் மட்டும் கொடுத்து நாடு முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1855-ல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்ததும் நவாப் பதவியே ரத்து. சேப்பாக்கம் அரண்மனை அரசு ஆபீஸ் ஆனது. 1867-ல் "ஆற்காடு இளவரசர்" என்ற பட்டமும் பென்ஷனும் குடும்பத்துக்குக் கிடைத்தன. பிற்காலத்தில் இளவரசர் சர் குலாம் முகமது அலி கான் சென்னை சட்டசபையிலும், வைஸ்ராயின் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். 1971-ல் மற்ற ராஜாக்களின் மானியம் ரத்தானபோதும் இந்தப் பட்டத்துக்கு எதுவும் ஆகவில்லை. ராயப்பேட்டை அமீர் மகாலில்தான் குடும்பம் இருக்கிறது.

பென்ஃபீல்டு? சேர்த்ததையெல்லாம் இழந்து 1810-ல் பாரிஸில் ஏழையாகச் செத்தார்.

கணக்கை டேலி செய்து பார்த்தால், நவாபுக்கு பதவி கிடைத்தது, கம்பெனிக்கு நாடு கிடைத்தது, கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி கிடைத்தது. வாங்காத கடனைக் கட்டியவன் ஆற்காடு, வேலூர், செங்கல்பட்டு, தஞ்சாவூரில் ஏர் பிடித்தவன். அவன் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை, எந்த ரோட்டுக்கும் வைக்கவில்லை. அடுத்த முறை ஏதாவது ஒரு அரசாங்கம் வாங்கும் கடனைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போது, எவ்வளவு கோடி என்பதோடு நிறுத்தாமல், யாரிடம் வாங்குகிறார்கள், எதை அடமானம் வைக்கிறார்கள், கையெழுத்துப் போடும் இரண்டு பக்கத்திலும் ஒரே ஆட்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள் நண்பர்களே.