மின்கிதார், ஆம்ப், பெடல் மதிப்பீடு

மின்கிதார், ஆம்ப்ளிஃபையர், பெடல் ஆகியவற்றின் ஒலியையும் விலைக்கேற்ற பயனையும் சோதித்தறியும் முறை. வாசிக்கும் இசையைப் பொறுத்து இந்த மதிப்பீடு மாறும். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறை மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவை ராக், ராப் இசையோடு சேர்த்து, பறை, சட்டி, கட்ட மோளத்தின் நடுவே மின்கிதாருக்கு இடம் தந்தது. இத்தகைய தாளக்கட்டில் கிதாரின் அடித்தொனி அமுங்கிப்போகும். நடுத்தொனியே காதில் நிற்கும். 1979-இல் வந்த ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் அடித்தொனியைக் குறைத்து நடுத்தொனியை உயர்த்துவதால் இங்கு மிகப் பொருந்தும்.

வடசென்னையின் மாத்தூர், எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் பழைய கருவி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது துரு. உப்புக்காற்று கம்பியை மட்டுமல்ல, பிரிட்ஜ் திருகுகளையும் ஜாக்கையும் அரிக்கும். ஒவ்வொரு குமிழையும் முழுதாகத் திருகிப் பார்க்க வேண்டும். கரகரத்தால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ உண்டு. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம், திறந்த கம்பியின் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டும்.

ஒற்றைச் சுருள் பிக்கப், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை ஈர்க்கும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் உருவாக்கிய ஹம்பக்கர், எதிரெதிராக இணைத்த இரு சுருள்களால் அதைத் தணிக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில் விலையுயர்ந்த ஆம்பும் இரையும். ஆகவே வயரிங்கைச் சீராக்குவதே முதல் செலவு. வீட்டுப் பயிற்சிக்கு வால்வு ஆம்ப் வேண்டியதில்லை, சிறிய டிரான்சிஸ்டர் ஆம்பே போதும். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை எதிர்மின் கொண்ட 9 வோல்ட் அடாப்டர் தேவை. முனை மாறினால் பெடல் பழுதாகலாம்.