சேதுவைக் கடந்த நுளம்பு

மன்னார்த் தீவின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் மாதோட்டத் துறைமுகத்தையும், முத்துக் குளிப்பையும், திருக்கேதீச்சரத்தையும் விரித்துரைப்பர். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்னும் செவிவழிச் செய்தியையும் விடாது கூறுவர். ஆயினும் கடல்வழி வந்தவற்றுள் ஏடுகளில் இடம்பெறாத சிற்றுயிர் ஒன்றுண்டு. அது நுளம்பு. அதன் வரலாற்றைக் கல்வெட்டிற் காண இயலாது. அதன் உயிரணுக்களிலேதான் படித்தறிதல் வேண்டும்.

ஈழத்தில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனோபிலிசு கியூலிசிபாசிசு என்பது. 1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். பின்னர் டி.டி.ரி. தெளித்ததன் பயனாக, 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. பகை ஒழிந்ததென்று நாடு கண்ணயர்ந்தது. 1967இன் பின்னர் நோய் மீண்டும் பெருகி, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. அந்தப் பதினேழு என்னும் எண்ணை மறவாதிருத்தல் நன்று.

இந்நுளம்பு கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும், உருவத்தால் வேறு பிரித்தறிய இயலாத உடன்பிறப்பினங்கள் பலவற்றின் தொகுதியாகும். ஈழத்திலுள்ளது 'பி' இனம் மாத்திரமே என நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியாவில் அவ்வினம் மலேரியாவைப் பரப்புவதில் வலிகுன்றியது. ஈழத்திலோ அதுவே நோயைப் பரப்பியதாகத் தோன்றிற்று. இப்புதிரை அவிழ்த்தது இராமேசுவரத் தீவு. 1999இல் அத்தீவின் நுளம்புகளை ஆராய்ந்தோர், ஆண் நுளம்பின் 'வை' நிறமூர்த்தத்தின் வடிவ வேறுபாட்டைக் கொண்டு 'ஈ' என்னும் புதிய இனத்தைப் பிரித்தறிந்தனர். (ஈ என்றது பறக்கும் ஈயையன்று, ஆங்கில எழுத்தின் பெயரையே.) 2000இல் ஈழத்திலும் அவ்வடையாளத்தைக் கொண்ட ஆண் நுளம்புகள் அறியப்பட்டன. நோயைப் பரப்பும் ஆற்றல் மிக்கது 'ஈ' இனமே. கடலின் இருகரையும் ஒரே குடும்பத்தைப் பகிர்ந்திருந்தமை இவ்வாறு புலனாயிற்று.

2012 ஒக்டோபரின் பின்னர் ஈழத்திலே உள்நாட்டுத் தொற்று காணப்படவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வாண்டு திசெம்பரிலேயே மன்னார்த் தீவின் பேசாலைப் பகுதிக் கிணறுகளில் அனோபிலிசு தெபன்சியின் குடம்பிகள் அகப்பட்டன. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்பு அதற்கு முன் ஈழத்திற் பதிவாகவில்லை. உருவ இலக்கணத்தாலும் இழைமணிப் பரம்பரையலகின் ஒழுங்கினாலும் அதன் இனம் உறுதிசெய்யப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது.

தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நுளம்போ தன் சிறகின் வலியால் இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு அப்பாற் பெரும்பாலும் செல்வதில்லை. ஆயின் கடந்தது எங்ஙனம்? படகிலுள்ள நீர்க்கலத்தில் முட்டையாகவோ குடம்பியாகவோ வந்திருத்தல் கூடும். காற்றையும் புறக்கணித்தற்கில்லை. ஆபிரிக்காவின் மாலி நாட்டிலே பலூன்களிற் பசைவலை கட்டி ஆராய்ந்தோர், 40 முதல் 290 மீற்றர் வரையான உயரத்தில் அனோபிலிசு நுளம்புகள் இரவுக் காற்றோடு செல்வதை 2019இல் வெளியிட்டனர். தென்னிந்தியக் கரையினின்று வீசும் காற்று எத்தனை நூற்றாண்டுகளாகப் பாய்மரங்களை மாதோட்டத்துக்குச் செலுத்தியது!

வந்தேறி எவ்வழி வரினும், தங்குவதற்கு இடம் வேண்டும். மழை குன்றிய மன்னாரில் வீட்டுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் அதற்குப் புகலிடமாயின. வெளிநாடு சென்று திரும்புவோர் குருதியில் ஒட்டுண்ணியைக் கொணர்தல் இன்றும் நிகழ்கின்றது. அவரும் இந்நுளம்பும் ஓரிடத்திற் சந்திப்பின் 1967 மீளலாம். ஆதலால் மன்னார்க் கிணறுகளை மூடுதலும், குடம்பிகளை உண்ணும் சிறுமீன்களை அவற்றுள் விடுதலும் மேற்கொள்ளப்பட்டன.