பள்ளிகளுக்கான ஓவியங்கள்

இங்கிலாந்தில் 1947 முதல் 1969 வரை நடந்த விற்பனைக் கண்காட்சித் தொடர். தொடங்கியவர் நேன் யங்மன் (1906–1995), ஓவியர், ஓவிய ஆசிரியை. லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்றவர். குழந்தைகளின் கற்பனைக்கு மதிப்பளித்த மரியன் ரிச்சர்ட்சனிடம் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1944இல் கேம்பிரிட்ஜ்ஷயர் கல்வித்துறையின் கலை ஆலோசகரானார். அத்துறையின் இயக்குநர் ஹென்றி மோரிஸ், பள்ளிக் கட்டடமே அழகாக இருக்க வேண்டும் என்று கருதியவர்; இருவரும் சேர்ந்தது நல்வாய்ப்பு.

அச்சிட்ட நகல் படங்கள் போதாது, வாழும் கலைஞர்களின் அசல் படைப்புகளே வகுப்பறைச் சுவரில் தொங்க வேண்டும் என்பது யங்மனின் உறுதி. தூரிகை போன தடமும் வண்ணத்தின் தடிப்பும் நகலில் வருவதில்லை. முதல் கண்காட்சி விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்தது. பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஓவியங்களும் அச்சோவியங்களும் சிற்பங்களும் வைக்கப்பட்டன. மாவட்டக் கல்வித்துறைகள் வாங்கிப் பள்ளிகளுக்குச் சுற்றுக்கு விட்டன. பார்க்க வந்த பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த படத்துக்கு வாக்களித்தனர். பிள்ளைகளின் ரசனையையும் கேட்டறிந்த இந்த ஏற்பாடே இத்தொடரின் சிறப்பு.

கேம்பிரிட்ஜ்ஷயருக்காக யங்மன் வாங்கியவற்றுள் ஓவியர் எல். எஸ். லௌரியின் பெரிக் நகரச் சந்தை ஓவியமும் உண்டு. பின்னாளில் கல்வித்துறைகள் இப்படிச் சேர்த்த பல தொகுப்புகள் கலைந்தன. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டம் தன் தொகுப்பிலிருந்து பல படைப்புகளை 2019இல் விற்றது. பிள்ளைகளுக்கென வாங்கிய படைப்புகள் ஏலத்துக்குப் போனது பேரிழப்பு.