நிறம் நீங்கினால் நீர் தூய்மையாகுமா?

கரி நிறம் நீக்கும் என்பதை 1785இல் தோபியாஸ் லோவிட்ஸ் கண்டறிந்தார். சர்க்கரை ஆலைகள் அதனைப் பயன்கொண்டன. இன்று பாசியிலிருந்து ஆக்கிய கிளர்வூட்டப்பட்ட கரி சாயக்கழிவுநீருக்கென ஆராயப்படுகிறது.

அவ்வாய்வுக்குத் திருப்பூர் வரலாறு ஓர் அளவுகோல். நொய்யலில் பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அங்கு வயல்களைக் கெடுத்தது நிறத்தினும் உப்பே. பருத்தியில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கப்படும் உப்பு அது. கரியின் நுண்துளைகள் சாய மூலக்கூறுகளைப் பற்றும். கரைந்த உப்போ நீரிலேயே தங்கிவிடும்.

ஆலைகள் கழிவுநீரை அறவே வெளியேற்றலாகாது என 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது; நிறைவேறாமையால் 2011இல் அவற்றை மூடச் சொன்னது. எனவே பாசிக்கரி ஒரு படிநிலையே. எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் அதனைத் தொடர வேண்டும். நிறநீக்க விழுக்காடு மட்டும் நொய்யல் உழவருக்கு விடையாகாது.