சங்கின் புரி

மன்னார் வளைகுடாவின் கடலடி மணலில் வாழும் சங்கின் (தர்பினெல்லா பைரம்) ஓடு நடுத்தூணைச் சுற்றி முறுகி வளரும் அமைப்பே புரி. இவ்வளைகுடாவின் இலங்கைக் கரையில் பழம்பெரும் துறைமுகமான மாந்தை இருந்தது. அதற்கப்பாலுள்ள கடலில் சங்கு குளிப்பது தொன்மையான தொழில். எதிர்க்கரையில், கொற்கையில் 1968–69இல் நடந்த அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. ஒல்லாந்தர் சங்கு குளிக்கும் தொழிலைத் தம் ஏகபோகமாக வைத்திருந்தனர்.

சரக்கு வங்காளத்துக்குப் போயிற்று. டாக்காவின் சங்கறுப்போர் பிறைவடிவ இரும்பு வாளால் ஓட்டைக் குறுக்காக அறுத்து வளையல் எடுத்தனர். முறுகிய நடுத்தூண் இடத்தை அடைப்பதால் ஒரு சங்கில் தேறும் வளையல்கள் சிலவே. இத்தொழிலை 1914இல் விரிவாக எழுதிவைத்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். அவர் 1902இல் வில்லியம் ஹெர்ட்மனுக்கு உதவியாளராக இலங்கையின் முத்துப்பார்களை ஆராய வந்தவர்.

ஓடு ஏன் முறுக வேண்டும்? விடை அதன் பொருளிலேயே இருக்கிறது. ஓடு அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. இறுகியபின் அதை நீட்டவோ விரிக்கவோ இயலாது. உள்ளே உயிரோ பெருத்துக்கொண்டே போகிறது. ஆகவே வாய்விளிம்பில் மட்டுமே புதுச் சுண்ணாம்பு படிகிறது. விளிம்பின் ஒருபுறம் மிகுதியாகப் படிந்தால் ஓடு வளைகிறது. அந்த வளைவு பக்கவாட்டிலும் சாய்ந்தால் முறுகுகிறது. வளர்ச்சியின் விகிதம் மாறாதிருந்தால் மடக்கைச் சுருள் தோன்றும் என்பதை ஹென்றி மோஸ்லி 1838இல் கணிதமாக்கினார். டார்சி தொம்சன் 1917இல் விரித்துரைத்தார். டேவிட் ராப் 1966இல் சில அளவுகளை மட்டும் மாற்றிப் பலவகை ஓடுகளைக் கணினியில் வரைந்துகாட்டினார். கல்லின் பிடிவாதமே சங்குக்கு இந்த அழகைத் தந்தது என்றால் மிகையல்ல.

ஓட்டின் நுண்தகடுகள் அடுக்குக்கு அடுக்கு திசைமாறிக் குறுக்கிடுகின்றன. விரிசல் நேரே ஓட முடியாமல் திரும்பித் திரும்பி வலுவிழக்கிறது. மெல்லிய வளையலும் எளிதில் உடையாததற்கு இதுவே காரணம்.

புரியின் திசை வேறு கதை. கூர்நுனியை மேலே பிடித்தால் வாய் இடப்புறம் அமைவது வலம்புரி; மிக அரிது. மற்றவை இடம்புரி. இரண்டின் ஓட்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே. குளத்து நத்தைகளில் இத்திசையைத் தாயின் மரபணு முடிவுசெய்கிறது என 1923இல் ஆல்பிரட் ஸ்டர்டெவன்ட் விளக்கினார். சங்கிலும் ஆட்டுக்கொம்புபோல் முறுகிய முட்டைக்கூட்டை விட்டு வெளிவரும் குஞ்சு, தன் திசையை ஓட்டில் ஏந்தியே வருகிறது.