கோல்ஃப் சப்பாத்து: மெத்தென்றிருந்தால் மட்டும் போதாது

நுவரெலியா கோல்ஃப் திடலின் 18 குழிகளையும் நடந்தே முடிப்பவர், ஈரப் புல்லிலும் சரிவிலும் ஏழெட்டுக் கிலோமீற்றர் நடக்கவேண்டும். பை சுமப்பவருக்கும் இதே தூரந்தான்.

கடையில் மெத்தென்ற சப்பாத்தே மனதைக் கவரும். ஆனால் பந்தை அடித்து உடல் திரும்பும்போது, வலக்கைக்காரரின் பாரம் இடது பாதத்தின் வெளிவிளிம்பில் விழுகிறது. அடிப்பாகம் ஒடுங்கித் தொய்வாக இருந்தால் கால் பிரளும். சப்பாத்தை ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள்: நடுப்பகுதி இலகுவில் முறுகக்கூடாது, விரல் மடியும் இடம் வளையவேண்டும். குதிக்கால் உள்ளே வழுக்கவும் கூடாது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், விளையாடும்போது அணியும் காலுறையுடனேயே அளவு பாருங்கள்.

உலோக ஆணிகளைப் பெரும்பாலான திடல்கள் இப்போது அனுமதிப்பதில்லை, புல்லைக் கிழித்துவிடும். மலைநாட்டு ஈரத்துக்குக் கழற்றி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் முட்கள் நல்லது. கொழும்பில் மழையில்லா நாட்களில் றப்பர் குமிழ் அடிப்பாகமே போதும். நீர்புகாத வகை அந்த வெக்கையில் காலை அவித்துவிடும்.

புதுச்சோடியைச் சில நாட்கள் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கிய பிறகே திடலுக்குக் கொண்டுபோங்கள்.