ஹிஸ்டமின் சகிப்பின்மையும் கீரை உணவும்

உணவில் வரும் ஹிஸ்டமினைச் சிதைக்கும் திறன் உடலில் குறைந்திருப்பதே ஹிஸ்டமின் சகிப்பின்மை எனப்படுகிறது. இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது சிறுகுடலில் உள்ள டையமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி. அது போதாதபோது தலைவலி, முகச் சிவப்பு, அரிப்பு, மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை தலைகாட்டலாம். ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளுக்கு இதில் பங்கில்லை. அதனால் இது உணவு ஒவ்வாமை ஆகாது.

காய்கறிகள் பெரும்பாலானவற்றில் ஹிஸ்டமின் மிகக் குறைவு. கத்தரிக்காய், தக்காளி, பாலக்கீரை ஆகியவை விதிவிலக்கு. கிலோவுக்கு ஏறத்தாழ 10 முதல் 70 மில்லிகிராம் வரை பாலக்கீரையில் அளந்திருக்கிறார்கள். இலையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுவதால், வைக்க வைக்க அளவு ஏறும். ஈரத்தோடு நறுக்கிப் பையில் கட்டி வைத்த கீரை, ஓரம் கறுத்து வழவழப்பாகும்போது பாக்டீரியா அதில் நன்றாகப் பெருகிவிட்டது என்று பொருள். கட்டாக வாங்கி, அன்றே ஆய்ந்து சமைப்பதே நல்லது. பறித்த உடனே உறையவைத்த கீரையும் ஏற்றதே. உறைநிலையில் பாக்டீரியா பெருகுவதில்லை.

உண்டான ஹிஸ்டமின் அடுப்புச் சூட்டில் அழியாது. மீந்த கீரைக் கூட்டை மறுநாள் கொதிக்கவைத்தாலும் கிருமி சாகுமே தவிர ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். அது நீரில் கரையும். வேகவைத்த நீரை வடித்தால் ஒரு பகுதி போய்விடும், ஆனால் ஃபோலேட்டும் வைட்டமின் சியும் கூடவே போகும். தக்காளி சேர்த்த கடையலில் தொந்தரவு வந்தால் பழி கீரையின் மேல் மட்டும் விழக்கூடாது.

புதிய லெட்யூஸ், முட்டைக்கோஸ் போன்ற இலைகள் பொதுவாகப் பலருக்கும் ஒத்துக்கொள்கின்றன. அதே முட்டைக்கோஸைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜெர்மானிய சவர்கிராட்டில் ஹிஸ்டமின் மிகுதியாக இருக்கக்கூடும். ஒரு பாலக்கீரைக்காகக் கீரை இனத்தையே ஒதுக்குவது ஃபோலேட், வைட்டமின் கே, நார்ச்சத்து எல்லாவற்றையும் வீணாக இழப்பதாகும்; கருத்தரிக்க இருக்கும் பெண்களுக்கு ஃபோலேட் இழப்பு சிறிய விஷயமல்ல.

ஹிஸ்டமின் சகிப்பின்மையை உறுதிசெய்ய நம்பகமான இரத்தப் பரிசோதனை எதுவும் நிலைபெறவில்லை. ஜெர்மன் மருத்துவ வழிகாட்டுதல் உணவுச் சோதனையையே முன்வைக்கிறது: 10 முதல் 14 நாள் ஹிஸ்டமின் மிகுந்த உணவுகளைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. பாலக்கீரையையும் அன்று பறித்ததாக, சிறிய அளவில், தக்காளி இல்லாமல் இப்படிச் சோதிக்கலாம். மூச்சுத்திணறலோ தொண்டை வீக்கமோ முன்பு வந்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையின்றி இதில் இறங்கக்கூடாது.